தொடாத கோப்புகள்

பாப்பா பால் குடித்தபடியே கண் அசந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வீட்டில் கைக்குழந்தை தூங்கினால் போதும், ஊருக்கே மூக்கில் வேர்த்துவிடும். அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்காருகிறவன். நல்ல ஆள்தான். ஆனால் ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் நம் ஞாபகம் வருகிற ரகம்.

"என்ன புகை, எப்படி இருக்கே? பாப்பா நல்லா இருக்காளா? ஆமா, அந்த நீள வயர் போட்ட பிளக் பெட்டியை எங்க வெச்சே?"

அங்கே அவளுக்குப் புகை என்றுதான் பேர். உயரமான கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எந்தப் படிக்கட்டு வழியாக ஏறும், எந்தக் கதவைச் சாத்தினால் மேல்மாடியில் இருப்பவர்கள் தப்புவார்கள் என்று கணினியில் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. அவள் வீட்டுக் கணினியில் அதெல்லாம் நடக்காது. நிலையத்தின் அடித்தளத்தில் ஓர் அறை முழுக்க அலமாரி அலமாரியாக நிற்கும் பெரிய கணினிதான் அதற்குச் சரி. அதிலேயே ஒரு கட்டடத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று வருடமாக அப்படி ஓட்டி ஓட்டிச் சேர்த்திருந்தாள்.

பிளக் பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பதாகச் சொன்னாள். அவன் நன்றி சொல்லிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் போகிற போக்கில் ஒன்று கேட்டான்.

"இன்னைக்குத் துடைப்பம் ஓடுது. நீ தொட்டு வெச்சிட்டல்ல?"

எதைத் தொட்டு வைப்பது என்று அவள் கேட்டாள்.

துடைப்பம் என்பது ஒரு புரோகிராம். பெரிய கணினியோடு சேர்ந்த ஒரு கிடங்கு இருக்கிறது. எல்லோருடைய கோப்புகளும் அதில்தான் குவியும். குவிந்தால் நிறையும், நிறைந்தால் யாருக்கும் இடம் இராது. அதனால் மூன்று மாதம் யாரும் தொடாத கோப்பு வேண்டாத கோப்பு என்று விதி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் புரோகிராமை ஓடவிட்டு அழித்துவிடுவார்கள். அழித்தால் அழித்ததுதான், நகல் கிடையாது. விதி என்று வந்தால் அதற்கு ஒரு சந்தும் வந்துவிடுமே. கெட்டிக்காரர்கள் நாலு வரியில் குட்டிப் புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை அது தானாக எழுந்து அவர்கள் கோப்புகளையெல்லாம் ஒரு தொடு தொட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான், துடைப்பம் அவர்கள் பக்கமே வராது. டீ குடிக்கிற இடத்தில் "தொட்டாச்சா?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

அவளிடம் அந்த நாலு வரி இல்லை; வேலைக்குப் போன நாளெல்லாம் தன் கோப்புகளைத் தானே திறந்து பார்த்ததால் இதுவரை தேவைப்படவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு இப்போது அவன் சொல்லித்தான் தெரிந்தது.

"உனக்கு யாரும் தரலையா? எல்லார்கிட்டயும் இருக்குமே" என்றான் அவன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான். அந்த எல்லாரும் யார் என்று அவள் விசாரித்தாள். வேலை முடிந்து சாயங்காலம் பந்து விளையாடப் போகிற கூட்டம். அவர்களுக்கு ஒரு போன் குழு. அதில் யாரோ எப்போதோ போட்டது. அவளைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் நினைத்ததில்லை. சேர்க்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

அழிப்பதற்கு முன்னால் எச்சரிக்கை மெயில் வருமே என்றால், வரும். வந்துதான் இருக்கும். அவளால் அதைப் பார்க்க முடியாது. அதற்கும் ஒரு விதி. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெண் பிரசவ வார்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அலுவலக மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்து ஒரே கசமுசா ஆனது. சமத்துவக் குழு கூடியது. இனி மகப்பேறு விடுப்பில் போகிறவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, அவர்கள் திரும்பி வருகிற நாள் வரை மெயிலையும் கணினிக் கணக்கையும் பூட்டி வைத்துவிட வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். கிடங்கு விதியைப் போட்டது இன்னொரு குழு. இந்த விதியும் அந்த விதியும் ஒரு தாயின் தலையில் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க மட்டும் எந்தக் குழுவும் கூடவில்லை.

விடுப்புக்கு முன்னால் கோப்புகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். பாப்பாவுக்குப் பொறுமை இல்லை. நாள் நெருங்குவதற்கு முன்பே, மேஜையில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. நாற்காலி நனைந்து, யாரோ வண்டி பிடித்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான். ஐந்து மாதம் ஓடிப்போனது.

அடுத்த வாரம் விடுப்பு முடிந்த கையோடு தேர்வுக் குழு முன்னால் அவள் நிற்க வேண்டும். மூன்று வருட வேலையின் முடிவுகளைக் காட்டினால் பதவி நீடிக்கும், இல்லையென்றால் அடுத்த மாதத்தோடு வீடு. அந்த முடிவுகள் மொத்தமும் அந்தக் கிடங்கில்தான் இருந்தன.

"யார் பேர் வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள். துடைப்பம் பெயர் வரிசைப்படி போகும். அவள் பேர் பின்னால்தான் வரும், மத்தியானம் ஆகலாம் என்றான். கீழே போய் யாரிடமாவது சொல்லச் சொன்னாள். போனான், பாவம், போனதென்னவோ உண்மை. கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது: ஆள் நேரில் வந்தால்தான் பேசுவார்களாம்.

கணவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று பகல் ஷிப்ட், வார்டில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டான். குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. போட்டிருந்த உடுப்போடு, தலையைக்கூடச் சீவாமல், பாப்பாவைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்சியில் போகும்போது வழியெல்லாம் சிக்னல் சிக்னலாக நின்றது. சிவப்பு விழும்போதெல்லாம் ஒரு கட்டடம் போச்சு, இன்னொரு கட்டடம் போச்சு என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. டிரைவர் கண்ணாடியில் ஒருமாதிரி பார்த்தார்.

நிலையத்து வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு. இன்னொரு தரம் தேய்த்தாள். மறுபடியும் சிவப்பு. காவலுக்கு இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க லீவுல இருக்கீங்கம்மா, வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றாள். வேலை இருக்கிறது என்றால், லீவில் இருப்பவர்களை வேலைக்கு உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம், யாராவது பார்த்தால் தன் வேலைக்கு ஆபத்தாம். அவள் கெஞ்சினாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. காவல்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மேஜைக்குக் கீழிருந்து ஒரு மஞ்சள் பட்டையை எடுத்து நீட்டினாள். மேலே அரங்கத்தில் ஏதோ விழாவாம், அதற்கு வருகிற வெளியாட்களுக்குக் கொடுப்பதாம். இதைப் போட்டுக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். பட்டையில் "அனைவருக்கும் இடம் உண்டு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

அடித்தளத்துக்கு ஓடினாள். படிக்கட்டு இறங்கும்போதே கணினி மின்விசிறிகளின் இரைச்சல் காதை அடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் சாவி உட்கார்ந்திருந்தார். பெரிய கணினியின் எல்லாப் பாஸ்வேர்டும் அவர் கையில் இருப்பதால் அந்தப் பேர். வயதில் மூத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் முன்னால் இருந்த திரையில் பேர் பேராக மேலே நகர்ந்துகொண்டிருந்தது.

"என் பேர் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா கிட்ட வந்துடுச்சு."

உயிர் வந்தது அவளுக்கு. அப்படியானால் நிறுத்துங்கள் என்றாள். அவர் கையைப் பிசைந்தார். இயக்குநர் சொன்னால்தான் நிறுத்த முடியுமாம். சரி, நிறுத்த வேண்டாம், என் கோப்புகளை மட்டும் ஒரு தொடு தொட்டுவிடுங்கள் என்றாள். அடுத்தவர் கோப்பை அவர் தொடக் கூடாதாம். போன வருடம் இப்படித்தான் ஒருவன் பாவம் பார்த்து யாருடைய கோப்பையோ திறந்து வேலையை இழந்தானாம். உரிமையாளர் தன் கணக்கிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பினால் செய்யலாமாம்.

"என் கணக்கைத்தான் பூட்டி வெச்சிருக்கீங்களே."

"அதை நான் பூட்டலம்மா. அது சமத்துவக் குழு விதி."

"அப்போ திறங்க."

"லீவு முடியற நாள்லதான் திறக்கும். நானா திறக்க முடியாது." அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "இயக்குநர் மேலே அரங்கத்துல இருக்கார். அவர் வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும். ஓடுங்க."

கோபம் தலைக்கேறியது. இந்த மனுஷனை உலுக்கிவிடலாமா என்று இருந்தது. உலுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. எதிரில் நிற்கிறவள் யார், அவள் வேலை என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்க, பாப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுபடியும் படியேறினாள். தையல் போட்ட இடம் இன்னும் இழுத்தது.

அரங்கத்துக்குள் ஏசி குளிர் முகத்தில் அறைந்தது. நாற்காலிகள் நிறைய ஆட்கள், மேடையில் பூச்செடித் தொட்டிகள், பெரிய திரையில் பலவிதமான மனிதர்கள் கை கோத்து நிற்கும் படம். கணினி ஆராய்ச்சியில் சமத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது பற்றி இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டி வர முடியாதவர் எவரும் நம்மிடையே இருக்கக் கூடாது என்றார். நன்றாகத்தான் பேசினார். பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் நேராக மேடையை நோக்கி நடந்தாள். சமத்துவக் குழுவின் செயலாளர் அம்மா பாதி வழியில் ஓடிவந்து மறித்தாள். துரத்தத்தான் போகிறாள் என்று இவள் நினைத்தால், அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"நீங்களா! குழந்தையோடவா வந்திருக்கீங்க? கடவுளே, இதைவிட வேற என்ன வேணும்! வாங்க, மேடைக்கு வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

இயக்குநரிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று அவள் சொன்னது அந்த அம்மா காதில் ஏறவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் ஏற்றிவிட்டாள். கூட்டம் எழுந்து கை தட்டியது. படம் எடுக்கிற பெண் ஒருத்தி முன்னால் வந்து மண்டியிட்டு டப் டப் என்று எடுத்தாள். வெளிச்சத்தில் பாப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விழித்தது. யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள்.

"நான் வாழ்த்து சொல்ல வரல" என்றாள். தன் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கீழே துடைப்பம் ஓடுது. லீவுல இருந்ததால என் கணக்கைப் பூட்டி வெச்சிருக்கீங்க. என்னால என் கோப்பைத் தொட முடியல. என் மூணு வருஷ வேலை இப்போ அழிஞ்சிட்டிருக்கு. சார், ஒரு போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

அதற்கும் பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். கேட்டுத்தான் தட்டினார்களா, பழக்கத்தில் தட்டினார்களா, தெரியாது. இயக்குநர் குனிந்து, கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம், இது முக்கியமான விஷயம்தான், செயலாளர் குறித்துக்கொள்வார் என்று மெல்லச் சொன்னார்.

"கூட்டம் முடியறதுக்குள்ள அதுவும் முடிஞ்சிடும் சார்."

இதை அவள் மைக்கில்தான் சொன்னாள்.  இயக்குநரின் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை அவர். அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். விழாவுக்காக அணைத்து வைத்திருந்தார். அது உயிர் பெற்று, சுற்றிச் சுற்றி, எழுந்து வருவதற்குள் இவளுக்கு உயிர் போய்விட்டது. சாவியை அழைத்தார். மணி போகவில்லை. அடித்தளத்தில் போன் சிக்னல் கிடையாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அங்கே மேஜைப் போன் ஒன்று உண்டு, அதன் எண் யாருக்கும் ஞாபகம் இல்லை. உலகத்தின் பெரிய பெரிய கணக்கையெல்லாம் போடுகிற இத்தனை தலைகள் ஒரு போன் நம்பருக்குத் திண்டாடின. கடைசியில், விழாவுக்கு வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்து மேஜைக்காரன்தான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான்.

அவள் மேடையிலேயே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பாப்பாவுக்குப் பசி. வீறிட்டு அழுதது. அந்த அழுகை கீழே வைக்காத மைக்கில் போய் அரங்கம் எங்கும் எதிரொலித்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிறுத்தியிருப்பான், போய்ச் சேர்ந்திருப்பான், என் பேர் இன்னும் வந்திருக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதையும் நினைக்கத் துணிவு வரவில்லை.

கதவு திறந்தது. ஓடியவன் பின்னால் வர, சாவி முன்னால் வந்தார். அந்த மனிதர் அடித்தளத்தை விட்டு மேலே வருவதே அபூர்வம். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றார். மேடைக்குக் கீழே வந்து நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். "இவர் வர்றதுக்கு முன்னாலயே முடிஞ்சிடுச்சு. உங்க பேர் வந்தப்போ நிறுத்துற பட்டன்ல விரல் வெச்சேன். சத்தியமா வெச்சேன். அழுத்த முடியல."

அவரை என்ன சொல்வது?  மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். செயலாளர் அம்மா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள், இவள் அந்தக் கையை உதறினாள்.

இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். நடிப்பு இல்லை, மனசாரத்தான் பேசினார். "இது எங்க தவறு. இனிமே யாருக்கும் இப்படி நடக்காம பார்த்துக்கறோம்" என்றார்.

"எனக்கு நடந்துடுச்சே சார்" என்றாள் அவள்.

அவர் மைக்கைக் கீழே வைத்தார்.  கூட்டத்தைக் கலைத்துவிட்டு அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு விதிகளையும் சேர்த்துத் திருத்த ஒரு புதுக் குழு போடலாம், அதில் அவள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். மறுபடி ஓட்டிப் பார்க்கலாமே என்று பக்கத்து மேஜைக்காரன் தலையைச் சொறிந்தான். அடுத்த மாதம் தனக்கு இங்கே கணக்கே இருக்காது, எதில் ஓட்டுவது என்று கேட்டாள்.  தேர்வுக் குழுவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்வீர்களா, இன்னொரு வருடம் தரச் சொல்வீர்களா என்று இயக்குநரைக் கேட்டாள். வாய் விட்டுக் கேட்டேவிட்டாள், கெஞ்சித்தான் கேட்டாள்.  எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான், முடிவுகளை வைத்துத்தான் பார்ப்பார்கள், ஒருவருக்காக வளைத்தால் மற்றவர்களுக்கு நியாயம் ஆகாதே என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே வாய் கூசியது.

பாப்பாவுக்குப் பால் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்றாள். எல்லோரும் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் படிக்கட்டில் புகை ஏறும், எந்தக் கதவைச் சாத்தினால் நிற்கும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. அதை நிரூபிக்க ஒரு கோப்பும் இல்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. படம் எடுத்த பெண் தலையை மட்டும் நீட்டினாள். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றாள். குழந்தை இருக்கிற படம் என்பதால் தாயின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிட மாட்டார்களாம். "நீங்க சரின்னு சொன்னாத்தான் மேடம். இல்லேன்னா நாங்க தொடவே மாட்டோம்."

அவள் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் அவளிடம் சம்மதம் கேட்டு வந்தது இந்த ஒருத்திதான்.

"வேணாம். அழிச்சிடுங்க."

"எல்லாத்தையுமா? ரொம்ப அழகா வந்திருக்கு மேடம். உங்களுக்கு மட்டுமாவது ஒண்ணு..."

"எல்லாத்தையும். என் முன்னால அழிங்க."

அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேமராவைக் காட்டினாள். சின்னத் திரையில் முதல் படம். தலை கலைந்து, வாய் பாதி திறந்து, மார்பில் குழந்தையோடு மேடையில் ஒருத்தி. பொத்தானை அழுத்தியதும் படத்தின் மேல் எழுத்து வந்தது. இந்தப் படத்தை அழிக்கவா, நிச்சயமா என்று அது கேட்டது.

அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் தலையாட்டினாள். படம் போனது. அடுத்த படம் வந்தது. மறுபடியும் அது நிச்சயமா என்று கேட்டது. இவள் தலையாட்டினாள். அதற்கடுத்த படத்தில் பாப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் கேட்டது.

அந்தப் பெண் விரலை எடுத்துவிட்டு, "நிச்சயமாவா மேடம்?" என்று தானும் ஒரு தரம் கேட்டாள்.

இவளால் தலையாட்ட முடியவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள்.